கேம்பர் வானுக்கு வீட்டுக் கரண்ட்: குத்தியும் வேலை செய்யாவிட்டால் எங்கே தொடங்குவது?

கேம்பர் வானில் (உள்ளேயே தங்கும் வசதி கட்டிய வானில்) யாழ்ப்பாணம் வருகிறவர்கள் பெரும்பாலும் சொந்தக்காரர் வளவிலோ விடுதி முற்றத்திலோதான் வண்டியை விடுகிறார்கள். வெளிநாட்டுக் கேம்பர் தரிப்பிடங்களில்போல வண்டிக்கு வண்டி நீலச் சொக்கற்றும் பிரேக்கரும் வைத்த தூணை இங்கே எதிர்பார்க்க முடியாது. கிட்ட இருக்கிற சொக்கற்றில் குத்துவதுதான் நடக்கும். அது பல வீடுகளில் கிணற்றடி மோட்டருக்கென்று போட்டதாக இருக்கும். அதனால் கோளாறு வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது வண்டியை அல்ல. வீட்டுச் சொக்கற், அதன் எர்த், இடையில் ஓடும் கேபிள் ஆகிய மூன்றையும் பார்த்துத் தீர்த்த பிறகே வண்டிக்குள் கை வைக்க வேண்டும். சீற்றைக் கழற்றி, சார்ஜரைப் பிரித்துப் பரப்பிய பிறகு வீட்டு நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) லூஸ் என்று தெரியவந்தால் அரை நாள் வீண்.

ஒரு எல்லையை இப்போதே சொல்லிவிடுகிறோம். மீற்றர், அதற்கு முன்னால் உள்ள சீல் வைத்த பகுதி, கம்பத்திலிருந்து வரும் வயர் ஆகியவை மின்சார சபையின் பொறுப்பு. அங்கே பிழை என்றால் 1987 இலக்கத்துக்கு அறிவிக்க வேண்டும். வீட்டு போர்ட்டைத் திறப்பது எலக்ரீசியன் வேலை. கீழே வருவதில் பெரும்பகுதி, மூடியைத் திறக்காமல் அளந்து பார்க்கும் வேலைதான்.

ஜப்பான் வண்டியா?

இலங்கையில் ஓடும் வான்களில் கணிசமானவை ஜப்பானில் ஓடி வந்தவை. அங்கே கேம்பராகவே கட்டப்பட்ட வண்டி என்றால் உள்ளே இருக்கும் சார்ஜர், மைக்ரோவேவ், ஏசி எல்லாம் 100 வோல்ற்றுக்குச் செய்தவையாக இருக்கலாம். இங்கே வருவது 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். குத்திய அடுத்த நொடியே சார்ஜர் புகையும்.

ஆகவே புதிதாகக் கைக்கு வந்த வண்டியில் முதல் வேலை, ஒவ்வொரு சாதனத்தின் பின்பக்கப் பெயர்த்தகட்டையும் வாசிப்பது. '100–240 வோல்ற்' என்று இருந்தால் பிரச்சினையில்லை. '100 வோல்ற்' என்று மட்டும் இருந்தால் 230 இல் குத்தக்கூடாது. இரண்டு வழி உண்டு: 230 ஐ 100 ஆக்கும் ஸ்ரெப் டவுன் ட்ரான்ஸ்போமர் போடலாம், அல்லது அந்தச் சாதனங்களைக் கழற்றிவிட்டு 230 வோல்ற் சாதனங்கள் போடலாம். எங்கள் தெரிவு இரண்டாவது. 2000 வாற் ட்ரான்ஸ்போமர் பாரமானது, சும்மா இருக்கும்போதும் கரண்ட் இழுக்கும், சூடாகும். அத்தோடு '60 ஹேர்ட்ஸ்' என்று மட்டும் எழுதிய பழைய மைக்ரோவேவை 50 ஹேர்ட்ஸில் ஓட்டினால் வோல்ற் சரியாக இருந்தாலும் உள்ளிருக்கும் ட்ரான்ஸ்போமர் அளவுக்கு மிஞ்சிக் கொதிக்கும்.

சொக்கற்றுகளையும் கவனியுங்கள். ஜப்பானிய இரண்டு தட்டை முள் சொக்கற்றில் எர்த் இராது. 230 க்கு மாற்றும்போது சொக்கற், மூன்று கோர் வயர், பிரேக்கர் எல்லாமே மாற வேண்டும். பிளக்கை மட்டும் மாற்றிவிட்டு அலுவல் முடிந்தது என்று விற்கிறவர்களும் உண்டு.

அளக்கும் சாமான்கள்

மல்ரிமீற்றர் ஒன்று அவசியம். 600 வோல்ற், கற் 3 என்று பொறித்ததாக வாங்குங்கள். ரெஸ்ரர் ஸ்க்ரூ ட்ரைவர் லைவ் (கரண்ட் வரும் வயர்) எது என்று காட்டும், அதற்கு மேல் எதையும் நம்பிச் சொல்லாது. மூன்று லைற் உள்ள சொக்கற் ரெஸ்ரர் கையில் இருந்தால் நல்லது. அதில் ட்ரிப் சுவிச்சை (எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் வெட்டும் சுவிச்) சோதிக்கும் பட்டனும் இருந்தால் இன்னும் நல்லது. ஏன் என்பது எர்த் பகுதியில் வரும். கிளாம்ப் மீற்றர் இருந்தால் வேலை பாதியாகும். கைவசம் 13 அம்பியர் பியூஸ் நாலைந்து, மின் தொடுப்பு துப்புரவாக்கும் ஸ்பிரே ஒன்று, சிறிய தட்டை ஸ்க்ரூ ட்ரைவர் ஒன்று.

குத்துவதற்கு முன்னம் மூன்று அளவு

13 அம்பியர் சதுர முள் சொக்கற்றில் துளைகள் மூடியிருக்கும். அதற்குள் கம்பியைக் குத்தி அளக்கப் போகாதீர்கள். கேபிளை வீட்டில் குத்தி, வண்டிப்பக்க நீல முனையை உலர்ந்த ஸ்ரூல் ஒன்றில் வைத்து அதில் அளப்பதே வசதி. நீல முனையில் மூன்று துளைகள், பெரியது எர்த். மற்ற இரண்டிலும் எல், என் என்ற ஆங்கில எழுத்துகள் அச்சிட்டிருக்கும்: எல் லைவ், என் நியூட்ரல். மீற்றரை ஏசி வோல்ற்றில் வைத்து அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

லைவ்–நியூட்ரல்: 216 இலிருந்து 244 வரை இருக்கலாம். 230 இல் 6 சதவீதம் கூடக்குறைய என்பதே இங்கே அனுமதிக்கப்பட்ட எல்லை.

லைவ்–எர்த்: ஏறத்தாழ அதே அளவு, சில வோல்ற் வித்தியாசத்தோடு.

நியூட்ரல்–எர்த்: 0 இலிருந்து 3 வரை. வீட்டில் மோட்டர் ஓடிக்கொண்டிருந்தால் 5 வரைக்கும் போகலாம்.

இந்த மூன்றும் சரி என்றால் லைவும் நியூட்ரலும் ஒழுங்கு என்று கொள்ளலாம். எர்த்தைப் பற்றி இன்னும் எதுவும் சொல்ல முடியாது.

நியூட்ரல்–எர்த் 230, லைவ்–எர்த் 0 என்று வந்தால் லைவும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கிறது. வீட்டில் மாறியிருக்கலாம், யாரோ கட்டிய கேபிள் பிளக்கிலும் மாறியிருக்கலாம். பழைய வீட்டு வயரிங்கில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். புதிய கேபிளில் மண்ணிறம் லைவ், நீலம் நியூட்ரல், பச்சை–மஞ்சள் எர்த். இரண்டையும் ஒட்டிய இடத்தில்தான் குழப்பம் வரும். மாறிக் கிடந்தாலும் எல்லாம் வேலை செய்யும் என்பதுதான் இதில் ஆபத்து. வண்டிக்குள் ஒற்றைத் துருவ பிரேக்கர் (ஒரு வயரை மட்டும் வெட்டுவது) இருந்தால் அதை ஓஃப் பண்ணியும் சொக்கற்றில் லைவ் நிற்கும்.

லைவ்–நியூட்ரல் 0, லைவ்–எர்த் 230 என்றால் நியூட்ரல் எங்கோ அறுந்திருக்கிறது. லைவ்–நியூட்ரல் 260, 280 என்று ஏறி இறங்கினால், வீட்டில் சில பல்ப் கண்ணைக் கூசச் சில மங்கினால், மூன்று பேஸ் வழியில் நியூட்ரல் கழன்றுவிட்டது என்றே எடுக்க வேண்டும். அப்போது 400 வோல்ற் வரைக்கும் உள்ளே வரலாம். மெயினை ஓஃப் பண்ணிவிட்டு 1987 க்கு எடுங்கள். மழைக்காலக் காற்றுக்குப் பிறகு இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

எர்த்: இந்த மண்ணில் அதிகம் ஏமாற்றுவது

மின்சார சபை வீட்டுக்கு லைவும் நியூட்ரலும் தரும், எர்த் தராது. ஒவ்வொரு வீடும் தன் எர்த் கம்பியைத் தானே நிலத்தில் அடித்துக்கொள்ள வேண்டும். யாழ் குடாநாட்டில் சிக்கல் இங்கேதான். கீழே சுண்ணாம்புக்கல், மேலே சில இடங்களில் ஓரிரு அடி மண். 4 அடிக் கம்பியை அடித்தால் பாதியில் கல்லில் முட்டும். மிச்சத்தை வெட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். மணற்காட்டு மணலில் கம்பி சுகமாக இறங்கும், ஆனால் காய்ந்த மணல் கரண்டைக் கடத்தாது. மார்கழியில் நன்றாக இருந்த எர்த் ஆவணியில் பெயருக்கு எர்த்தாக இருக்கும்.

இதை மல்ரிமீற்றர் காட்டாது என்பதுதான் விசயம். மீற்றர் இழுக்கும் கரண்ட் மிகமிகச் சொற்பம். எர்த்தின் தடை 5000 ஓம் இருந்தாலும் லைவ்–எர்த் 230 என்றே காட்டும். ட்ரிப் சுவிச்சில் உள்ள ரெஸ்ற் பட்டனும் எர்த்தைச் சோதிப்பதில்லை. அது சுவிச்சுக்குள்ளேயே ஒரு ரெசிஸ்ரர் வழியாகக் கரண்டைச் சுற்றிவிடுகிறது; எர்த் வயரே இல்லாத வீட்டிலும் பட்டனை அமத்தினால் ட்ரிப் விழும். 'ரெஸ்ற் பண்ணினேன், வேலை செய்யுது' என்று சொல்வதன் பொருள், சுவிச்சின் பொறி இறுகவில்லை என்பது மட்டுமே.

சொக்கற்றில் குத்தி, லைவிலிருந்து எர்த்துக்கு 30 மில்லி அம்பியர் விடும் ரெஸ்ரரின் பட்டனை அமத்தும்போது வீட்டு ட்ரிப் விழுந்தால்தான் எர்த் ஓரளவுக்காவது இருக்கிறது என்று கொள்ளலாம். எண்ணாகத் தெரிய வேண்டுமென்றால் எலக்ரீசியன் எர்த் மீற்றரால் அளக்க வேண்டும். 30 மில்லி அம்பியர் ட்ரிப்புக்குக் கணக்கின்படி 1600 ஓம் வரை தாங்கும். ஆனால் 200 ஓமுக்கு மேற்பட்ட எர்த்தை நம்புவதற்கில்லை. கோடையில் அது எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது.

லைவுக்கும் எர்த்துக்கும் இடையே பல்ப் பிடித்துப் பார்க்கும் பழக்கத்தை விடுங்கள். எர்த் கெட்டுப்போயிருந்து, ட்ரிப்பும் வேலை செய்யாவிட்டால், அந்த எர்த் வயரில் தொடுத்த அத்தனை உலோகத்துக்கும், வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி உட்பட, அந்தப் பல்ப் வழியாக லைவ் போகும்.

எர்த் கெட்டிருந்தால் திருத்தம் கடினமல்ல. கம்பிக்கு நல்ல இடம் கிணற்றடித் தண்ணீர் ஓடும் வாழைப் பாத்தி. வருடம் முழுக்க ஈரம். ஒரு கம்பி போதாவிட்டால் இரண்டாவதை, குறைந்தது கம்பியின் நீளம் அளவு தள்ளி அடித்து, இரண்டையும் செப்பு வயரால் இணைக்க வேண்டும். ஒரே குழியில் இரண்டு கம்பி அடிப்பதால் பிரயோசனம் குறைவு. அடிக்கடி ஓரிடத்தில் நிற்கும் வண்டி என்றால் வண்டியின் எர்த் பாருக்கு (எர்த் வயர்களெல்லாம் பூட்டும் உலோகப் பட்டைக்கு) அந்தப் பாத்தியிலிருந்து தனிக் கம்பியும் எடுக்கலாம். ஆனால் வண்டிக்குள் சொந்தமாக 30 மில்லி அம்பியர் ட்ரிப் இருந்தே ஆக வேண்டும்.

வண்டிக் கதவைத் தொட்டால் சுள்ளென்கிறது என்ற முறைப்பாட்டுக்கும் வேர் இதுதான். சார்ஜர், லப்ரொப், இன்டக்சன் அடுப்பு எல்லாவற்றுக்குள்ளும் லைவிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் எர்த்துக்கு சிறிய கெப்பாசிற்றர் போட்டிருப்பார்கள். எர்த் சரியாக இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குள் போய்விடும். எர்த் அறுந்திருந்தால் வண்டி உடம்பு, டயரில் நிற்பதால், 110, 115 வோல்ற்றில் மிதக்கும். உலர்ந்த சிமெந்துத் தரையில் கூச்சம்போலத்தான் தெரியும். ஆனால் அதே எர்த் அறுந்த வண்டிக்குள் ஒரு ஹீற்றர் எலிமென்ற் வெடித்தால், கசூரினா கடற்கரைப் பக்கத்து ஈர மணலில் வெறுங்காலோடு நின்று கைப்பிடியைப் பிடிப்பவருக்கு முழு 230 உம் போகும். சுள்ளென்றால் கையை வைத்துத் திரும்பத் திரும்பப் பார்க்காமல், வீட்டுப் பக்க பிளக்கை முதலில் இழுங்கள். 13 அம்பியர் சொக்கற்றின் மேல் துளையில் பேனை மூடியைச் செருகி இரண்டு முள் பிளக்கைக் குத்தியிருக்கிறார்களா என்று பாருங்கள். காரணம் பெரும்பாலும் அங்கேயே கிடக்கும்.

கேபிள்

ஐரோப்பிய முறையில் வண்டிக் கேபிள் என்பது மூன்று கோர், 2.5 சதுர மி.மீ., 25 மீற்றர், றப்பர் உறை. இங்கே வீட்டிலிருந்து கேற்றடிக்கு 30 மீற்றர் தேவைப்பட்டால் ஆளாளுக்குக் கையில் உள்ள எக்ஸ்டென்சனைக் கோத்துவிடுவார்கள். கணக்கைப் பாருங்கள்: 30 மீற்றர் கேபிளில் 10 அம்பியர் ஓடினால், 1 சதுர மி.மீ. வயரில் 12 வோல்ற் விழும், 1.5 இல் 8, 2.5 இல் 5. வீட்டில் ஏற்கெனவே 215 தான் என்றால் வண்டிக்கு 203 வரும்; ஏசி கொம்பிரசர் முக்கிக்கொண்டு நிற்கும்.

அளப்பது இப்படி. ஒன்றும் ஓடாதபோது வண்டிச் சொக்கற்றில் வோல்ற்றைப் பாருங்கள். பிறகு 2000 வாற் கேத்தலை ஓன் பண்ணுங்கள், அது 8.7 அம்பியர் இழுக்கும். வோல்ற் 11 க்கு மேல் விழுந்தால் கேபிள் மெல்லிசு, அல்லது எங்கோ ஒரு தொடுப்பு லூஸ். இரண்டையும் பிரித்தறிய ஐந்து நிமிடம் ஓடவிட்டு, எல்லாவற்றையும் ஓஃப் பண்ணி வீட்டுப் பிளக்கை இழுத்த பின் ஒவ்வொரு பிளக்கையும் தொட்டுப் பாருங்கள். கேபிள் முழுக்க இளஞ்சூடு என்றால் வயர் சிறிது. ஒரு பிளக் மட்டும் கொதித்தால் அதற்குள்தான் பிழை. அரை ஓம் லூஸ் தொடுப்பில் 10 அம்பியர் ஓடினால் 50 வாற் வெப்பம். ஒரு சோல்டரிங் அயனைப் பிளக்குக்குள் பூட்டி வைத்த மாதிரி.

கடலோரத்தில் நின்று வந்த வண்டியின் நீல முனையைத் திறந்தால் செப்பில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். அதைச் சுரண்டித் திரும்பப் பூட்டினால் நிலைக்காது. கறுத்த பகுதியை வெட்டி, மினுங்கும் செப்பு வரும் வரை உரித்து, இழைகளுக்கு நுனிக்குழாய் அழுத்திப் பூட்டுங்கள். முள் நிறம் மாறியிருந்தால் பிளக்கையே மாற்றுங்கள். கேபிள் றோலில் சுற்றிய கேபிளை முழுக்க அவிழ்த்துவிட வேண்டும். சுற்றியபடி கேத்தல் போட்டால் உள்சுற்று உருகலாம். வண்டி இன்லெற்றில் (வண்டியில் கேபிள் குத்தும் இடத்தில்) குத்தும்போது கேபிளை ஒரு வளைவு தொங்கவிடுங்கள், மழைத் தண்ணீர் வழிந்து உள்ளே போகாமல் கீழே சொட்டட்டும்.

பழைய வீட்டின் உருண்டை முள் சொக்கற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். சிறியது 5 அம்பியர். அதில் சார்ஜரும் ஃபானும் மட்டும். பெரியது 15 அம்பியர். கடையில் விற்கும் எல்லாம் பொருந்தும் பயண அடப்ரர் வேண்டவே வேண்டாம், பலவற்றில் எர்த் கிடையாது.

ட்ரிப் விழுந்துகொண்டே இருந்தால்

எது விழுகிறது என்று முதலில் பாருங்கள். எம்.சி.பி., அதாவது பிரேக்கர், குத்திய உடனே விழுந்தால் ஷோர்ட். பத்து நிமிடம் ஓடி விழுந்தால் லோட் கூட. ஆர்.சி.சி.பி., அதாவது ட்ரிப் சுவிச் விழுந்தால் கரண்ட் எர்த்துக்குக் கசிகிறது. இங்கே வரிசை முக்கியம்.

1. கேபிளை மட்டும் வீட்டில் குத்துங்கள், வண்டியில் குத்தவேண்டாம். விழுந்தால் கேபிளுக்குள் ஈரம் அல்லது வெட்டு.

2. வீட்டுப் பிளக்கை இழுத்து, வண்டி மெயினை ஓஃப் பண்ணி, வண்டிப் பக்கம் முதலில் குத்தி, வீட்டுப் பக்கம் கடைசியில் குத்துங்கள். விழுந்தால் இன்லெற்றிலோ அதற்கும் மெயினுக்கும் இடையிலோ பிழை.

3. எல்லா எம்.சி.பி.யும் ஓஃப் நிலையில் மெயினை மட்டும் ஓன் பண்ணுங்கள்.

4. பிறகு ஒவ்வொரு எம்.சி.பி.யாக. எதில் விழுகிறதோ அந்த வழியின் சாதனங்களைக் கழற்றிவிட்டுத் திரும்பப் பாருங்கள்.

மூன்றாவது படியில் விழுந்தால் பலர் குழம்பிப்போகிறார்கள்: எல்லாம் ஓஃப், பிறகு எப்படி? ஒற்றைத் துருவ எம்.சி.பி. லைவை மட்டுமே வெட்டும். நியூட்ரல் எப்போதும் தொடுத்தபடியே இருக்கும். எங்கோ நியூட்ரல் வயர் வண்டி உடம்பில் உரசினால், எம்.சி.பி. ஓஃபிலும் ட்ரிப் விழலாம். வீட்டுப் பிளக் கழற்றிய நிலையில் நியூட்ரல் பாருக்கும் எர்த் பாருக்கும் இடையே ஓமில் அளங்கள். மெகா ஓம் கணக்கில் வர வேண்டும். சில நூறு ஓம் வந்தால் நியூட்ரல் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் குற்றவாளியைப் பிடிக்கலாம். மல்ரிமீற்றரில் நன்றாகக் காட்டி, கரண்டில் மட்டும் விழுந்தால் 500 வோல்ற் மெகர் (வயர் உறையின் தடையை அளக்கும் மீற்றர்) தேவை. அப்போது 1 மெகா ஓமுக்குக் குறையக்கூடாது. மெகருக்கு முன் சார்ஜர், இன்வேர்ட்டர் எல்லாம் கழற்றியிருக்க வேண்டும்.

இன்வேர்ட்டர் (பற்றரியிலிருந்து 230 வோல்ற் தரும் பெட்டி) உள்ள வண்டியில் ஒரு விசேட காரணம் உண்டு. பற்றரியில் ஓடும்போது ட்ரிப் வேலை செய்ய இன்வேர்ட்டரின் வெளியீட்டு நியூட்ரலை எர்த்தோடு இணைப்பார்கள். அது சரியான வேலை. ஆனால் வெளிக் கரண்ட் வரும்போது அந்த இணைப்பு விலக வேண்டும். நல்ல இன்வேர்ட்டரில் உள்ளே ஒரு றிலே (தானாக மாறும் சுவிச்) அதைச் செய்யும். வயர் துண்டொன்றால் நிரந்தரமாக இணைத்துவிட்டிருந்தால், வெளிக் கரண்ட் உள்ளே வந்ததும் வீட்டு ட்ரிப் விழும். பற்றரியில் எல்லாம் ஒழுங்கு, வீட்டில் குத்தினால் மட்டும் விழுகிறது என்றால் முதலில் தேட வேண்டியது இந்தத் துண்டு வயரைத்தான்.

சிலவேளை எங்கேயும் பிழை இராது. 30 மில்லி அம்பியர் ட்ரிப் 15 க்கு மேல் எங்கேயும் விழலாம். பழைய கிணற்று மோட்டர் 8 கசிய, வீட்டு வோஷிங் மெசின் 3 கசிய, வண்டியின் சார்ஜர்கள் மிச்சத்தைச் சேர்த்தால் போதும். மோட்டர் பிளக்கை இழுத்துவிட்டு வண்டியைக் குத்திப் பாருங்கள். நின்றுவிட்டால் பழி வண்டியில் இல்லை.

கூடும் குறையும் வோல்ற்

மாலை 6.30 இலிருந்து 10.30 வரை உச்ச நேரம். வழியின் கடைசி வீட்டில் வோல்ற் இறங்கும். நடுப்பகலில், கூரை சோலார் நிறைந்த ஒழுங்கையில், அதே வீட்டில் 245 க்கு மேல் ஏறலாம். மோட்டர் சொக்கற்றில் நிற்கும் வண்டிக்கு இன்னொரு தொல்லை: 1 குதிரைவலு மோட்டர் ஓடும்போது 5, 6 அம்பியர் இழுத்தாலும் தொடங்கும் நொடியில் அதைப்போல் பல மடங்கு இழுக்கும். ஒவ்வொரு முறையும் சார்ஜர் அணைந்து திரும்பத் தொடங்கும். ஓவர்–அண்டர் வோல்ற்றேஜ் புரொடெக்ரர் ஒன்றை வண்டி போர்ட்டில் மெயினுக்குப் பிறகு பூட்டுங்கள். 200 க்குக் கீழும் 250 க்கு மேலும் வெட்டும்படியும், திரும்ப ஓன் ஆக 3 நிமிடம் பொறுக்கும்படியும் அமையுங்கள். அந்த 3 நிமிடம் ஏசி, குளிர்ப்பெட்டி கொம்பிரசருக்காக. ஐப்பசி, கார்த்திகை இடிமழைக்கு எந்தப் பெட்டியும் போதாது, பிளக்கை இழுத்துவிட வேண்டியதுதான்.

கரண்ட் வருகிறது, பற்றரி ஏறவில்லை

சார்ஜர் உள்ளீட்டில் 230 இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பற்றரி முனையில் டிசி வோல்ற்: ஈயப் பற்றரி ஓய்வில் நிறைவாக இருந்தால் 12.7, பாதி என்றால் 12.2. சார்ஜர் ஓன் பண்ணியதும் 13.5 க்கு மேல் ஏறி 14.4 வரை போக வேண்டும். சார்ஜர் முனையில் 14.4, பற்றரி முனையில் 12.3 என்றால் இடையில் பியூஸ் போயிருக்கிறது அல்லது வயர் நுனியைப் பூட்டும் லக் கழன்றிருக்கிறது. லிதியம் பற்றரி 0 வோல்ற் காட்டினால் செத்துப்போனது என்று முடிவுகட்டாதீர்கள். உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று வெட்டியிருக்கலாம். சில சார்ஜர்கள் 0 வோல்ற் பற்றரியைப் பற்றரி என்றே கணக்கெடுக்காது. லிதியத்தை எழுப்பும் வசதி உள்ள சார்ஜர் தேவை.

பற்றரி நிறையாமலே சார்ஜர் அரை மணி நேரம் நன்றாக ஓடிப் பிறகு குறைந்தால் வெக்கை காரணமாக இருக்கலாம். சீற்றுக்குக் கீழே துணிப்பையோடு அடைத்து வைத்தால் சித்திரை வெயிலில் அது தன்னைக் காப்பாற்றக் கரண்டைக் குறைத்துக்கொள்ளும். காற்றுப் போக வழிவிடுங்கள். ஈயப் பற்றரிக்கு 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.018 வோல்ற் குறைய வேண்டும். 35 பாகையில் 14.4 க்குப் பதில் 14.2 போதும். வெப்ப உணரி வயரைச் சார்ஜரோடு சுருட்டி வைக்காமல் பற்றரியில் ஒட்டினால் சார்ஜர் இதைத் தானே செய்யும்.

ஜெனரேற்றரில் குத்துவதானால்

சிறிய ஜெனரேற்றர்களில் நியூட்ரல் எர்த்தோடு இணைந்திராது. மீற்றர் லைவ்–எர்த்தும் நியூட்ரல்–எர்த்தும் இரண்டுமே 115 அளவில் காட்டும்; சில சார்ஜர்கள் எர்த் பிழை என்று அணைந்துவிடும். அதைவிட முக்கியம், இந்த நிலையில் வண்டியின் ட்ரிப் சுவிச் எர்த் கசிவுக்கு விழாது. நியூட்ரலை எர்த்தோடு இணைக்கும் பிளக் ஒன்றை எலக்ரீசியனைக் கொண்டு கட்டுவித்து, அதை ஜெனரேற்றரோடேயே சங்கிலியில் கட்டி வையுங்கள். மறந்துபோய் அதே பிளக்கை வீட்டுச் சொக்கற்றில் குத்தினால் வீட்டு ட்ரிப் விழும். ட்ரிப் இல்லாத பழைய வீடு என்றால் நியூட்ரலில் ஓட வேண்டிய கரண்ட் எர்த் வயரிலும் பங்குபோட்டு ஓடும்.